சுவர்ப் பூஞ்சைக்கு நறுமண எண்ணெய்: அளவும் கலவையும் வரிசையும்

குளியலறை மூலையில் கறுப்புப் புள்ளிகளைக் கண்டதும் ஒரு பாட்டில் டீ ட்ரீ எண்ணெய் (தேயிலை அல்ல, மெலலூக்கா என்ற மரத்தின் இலை எண்ணெய்) வாங்கி, தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, சுவரில் அடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. இரண்டு நாள் வாசனை இருக்கும். இரண்டு வாரத்தில் புள்ளிகள் அதே இடத்தில் மறுபடி முகம் காட்டும். இதில் எண்ணெயைக் குறை சொல்வதற்கில்லை. வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதுதான் பிழை. ஈரம் வரும் வழியை அடைப்பது முதல் வேலை. இருக்கும் பூஞ்சையைக் கழுவி எடுப்பது இரண்டாவது, காய வைப்பது மூன்றாவது. எண்ணெய் நான்காவதாகத்தான் வரும். முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் எண்ணெய் கொஞ்சம் கூடுதல் காவல் தரும். அவற்றைச் செய்யாவிட்டால் வெறும் வாசனைதான் மிஞ்சும்.

எண்ணெய் என்ன செய்யும், என்ன செய்யாது

பூஞ்சையின் ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. டீ ட்ரீ எண்ணெயில் உள்ள டெர்பினென்-4-ஆல், கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால், தைம் எண்ணெயிலும் ஓம எண்ணெயிலும் உள்ள தைமால் ஆகியவை கொழுப்பில் கரைபவை. அதனால் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. உள்ளிருப்பது கசிந்து வெளியேறி செல் சாகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் இழைகளில் இது நன்றாகவே வேலை செய்யும். தடித்த ஓட்டுக்குள் உறங்கும் வித்துகளில் அவ்வளவாகப் பலிக்காது. ஆகவே எண்ணெய் அடித்த சுவரிலும் வித்துகள் மிஞ்சியிருக்கும், ஈரம் கிடைத்ததும் முளைக்கும்.

இன்னொன்று, இந்த எண்ணெய்கள் ஆவியாகிப் போகும் இயல்புடையவை. தேங்காய் எண்ணெய்போலப் படிந்து கிடப்பதில்லை. வாசனை போய்விட்டதென்றால் காவலும் பெரும்பாலும் போய்விட்டது என்று கொள்ளலாம். ஆய்வுக்கூடத் தட்டில், மூடிய கிண்ணத்துக்குள் கிடைக்கும் பலனைத் திறந்த அறையின் சுவரில் எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே முக்கியக் காரணம். சுவர் எண்ணெயை உறிஞ்சும், தூசி தடுக்கும், காற்று அடித்துக்கொண்டு போகும்.

செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். தும்மலும் இழுப்பும் வருவதற்கு அது உயிரோடு இருக்க வேண்டியதில்லை. எனவே கொன்றுவிட்டு அப்படியே விடுவது அரைகுறை வேலை.

முதலில், அது பூஞ்சைதானா?

செங்கல், சிமென்ட் சுவரில் வெள்ளையாகப் பஞ்சுபோல் படர்ந்திருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல. உப்புப் பூத்திருக்கலாம். கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. உப்புக்கு எண்ணெய் அடித்து ஒரு பயனும் இல்லை.

கறுப்புக் கறை அழுக்கா பூஞ்சையா என்று தெரியாவிட்டால், பஞ்சுக் குச்சியில் வீட்டு ப்ளீச் ஒரு சொட்டுத் தொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே இருந்தால் புகைக்கரியோ தூசியோதான். சோதித்த இடத்தை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். ப்ளீச் மிச்சமிருக்கும் இடத்தில் வினிகரோ ஆல்கஹாலோ படவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

பரப்பையும் பாருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் எல்லை 10 சதுர அடி, அதாவது மூன்றடிக்கு மூன்றடிக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதைத் தாண்டினாலோ, சாக்கடை நீர் புகுந்து வந்ததாக இருந்தாலோ, ஏசி குழாய்களுக்குள் இருந்தாலோ ஆளை வைத்துச் செய்யுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

சுவர் ஈரத்துக்குப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, சுவருக்குள்ளிருந்து வரும் ஓதம் (தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்), குழாய்க் கசிவு, மழைநீர். மற்றொன்று, அறைக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் நீராகப் படிவது. இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். சுமார் 45 செ.மீ. சதுரமாகத் தடித்த தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து படிகிறது.

முதல் வகையில் கசிவைச் சரிசெய்யும் வரை எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்காதீர்கள். இரண்டாவது வகையில் ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் வையுங்கள். மலிவான கருவிகள் பொய் சொல்லும். அதைச் சரிபார்க்க, ஒரு மூடியில் சமையல் உப்பு எடுத்து, ஈரமணல் பதம் வருமளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் 8 முதல் 12 மணி நேரம் மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 70 காட்டினால் அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 19 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசி ஓடும் அறையின் அடுத்த பக்கச் சுவர், வெளிச்சுவரின் மூலை, பீரோவின் பின்புறம் ஆகியவையே முதலில் கறுப்பதற்கு இதுதான் காரணம். பீரோவைச் சுவரிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளி வைப்பதும், குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓடவிடுவதும் எந்த எண்ணெயையும்விட அதிகம் செய்யும்.

எந்த எண்ணெய்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டீ ட்ரீ. காரம் மிதம், கறை இல்லை, தரம் பார்க்க வழி இருக்கிறது. டீ ட்ரீ எண்ணெய்க்கான ஐ.எஸ்.ஓ. 4730 தரநிலை, டெர்பினென்-4-ஆல் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. பாட்டிலில் தாவரத்தின் அறிவியல் பெயரான மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா இருக்கிறதா என்று பாருங்கள். "வாசனைத் திரவம்", "ரூம் ஃப்ரெஷ்னர் ஆயில்" என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

கிராம்பு எண்ணெய் இன்னும் பலமானது. ஆனால் யூஜெனால் வெள்ளைப் பெயின்ட்டை மஞ்சளாக்கும், சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், தோலை எரிக்கும். வெளியே தெரியாத இடத்துக்குத்தான் அது. ஓமம், தைம், ஒரேகானோ, லவங்கப்பட்டை எல்லாம் அதே காரக் கூட்டம். பூஞ்சை அடங்கும், கூடவே கையும் கண்ணும் எரியும். யூகலிப்டஸ் தைலம் பலரிடம் கைவசம் இருக்கும், ஆனால் பூஞ்சைக்கு இவற்றோடு ஒப்பிட்டால் பலவீனம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள் துடைக்கும்போது பிசுக்கு எடுக்க உதவும், அவ்வளவுதான்.

நாலைந்து எண்ணெயைக் கலந்தால் பலம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. தொடக்கத்தில் ஒன்றையே பயன்படுத்துங்கள். தோல் சிவந்தாலோ பெயின்ட் மாறினாலோ எதனால் என்று அப்போதுதான் தெரியும்.

கலவை: இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்

எண்ணெயும் தண்ணீரும் சேராது. குலுக்கினால் அரை நிமிடம் பால்போல் தெரியும், பிறகு பிரிந்துவிடும். டீ ட்ரீ தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். ஸ்ப்ரே பாட்டிலின் உறிஞ்சு குழாயோ அடியில் இருக்கிறது. ஆகவே முதலில் அடிப்பதெல்லாம் வெறும் தண்ணீர், கடைசியில் வருவது கலக்காத எண்ணெய். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். அதை இப்படிக் குலுக்கி அடித்தால் முதல் அழுத்தலிலேயே கலக்காத எண்ணெய் சுவரில் பட்டு மஞ்சள் வட்டம் போடும். ஒரே பாட்டில், ஒரே குலுக்கல், இரண்டு நேரெதிர் விளைவு.

இதைச் சரிசெய்ய ஆல்கஹால்தான் நல்ல வழி. எண்ணெயைக் கரைக்கும், சீக்கிரம் காயும், சுவருக்குப் புதிதாக ஈரம் ஏற்றாது. 200 மி.லி. கலவைக்கு:

டீ ட்ரீ எண்ணெய் – 4 மி.லி. (2 சதவீதம்)
99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் – 140 மி.லி.
காய்ச்சி வடித்த நீர் – 56 மி.லி.

எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் எடுக்காதீர்கள். 1 மி.லி.க்கு 20 சொட்டு என்பார்கள், ஆனால் சொட்டு மூடிக்கு மூடி மாறும், எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். 5 மி.லி. ஊசியில்லாச் சிரிஞ்ச் ஒன்று இருந்தால் கணக்குத் தவறாது.

காய்ந்த கண்ணாடிக் குடுவையில் முதலில் ஆல்கஹால், அதில் எண்ணெய், ஒரு சுழற்று. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். இப்போது தண்ணீரைப் பத்துப் பத்து மி.லி.யாக விட்டுச் சுழற்றுங்கள். விடும் இடத்தில் மேகம்போல் ஒரு வெண்மை தோன்றி மறையும். அது மறையும் வரை எண்ணெய் கரைந்திருக்கிறது. மறையாமல் குடுவை முழுக்கப் பாலாகிவிட்டால் எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது என்று பொருள். தண்ணீரை நிறுத்தி, 5 மி.லி. ஆல்கஹால் விட்டுச் சுழற்றினால் மறுபடி தெளியும். தண்ணீரில் முதலில் எண்ணெயை விட்டு, அப்புறம் ஆல்கஹால் ஊற்றும் குறுக்குவழியில் ஓரத்தில் எண்ணெய்த் திட்டுகள் ஒட்டிக்கொண்டு நேரம்தான் வீணாகும்.

சானிடைசர் ஜெல்லை ஆல்கஹாலுக்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதன் பசை சுவரில் தங்கித் தூசியைப் பிடிக்கும்.

ஆல்கஹால் வேண்டாம் என்பவர்களுக்குப் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பாலிசார்பேட் 20 என்ற பொருள் உண்டு. 4 மி.லி. எண்ணெயோடு 16 மி.லி. பாலிசார்பேட்டை முதலில் நன்றாகக் குழைத்து, அப்புறம் 180 மி.லி. தண்ணீரைச் சிறுகச் சிறுக விடுங்கள். இது டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் மட்டும். காய்ந்தால் பிசுபிசுப்பு இருக்கும், மறுநாள் துடைத்தெடுக்க வேண்டும். பூசிய சுவரில் அந்தப் பிசுக்கே அடுத்த பூஞ்சைக்குப் பாய் விரித்துவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி கிராம்பு எண்ணெய் என்ற பழைய கணக்கு ஒன்று சுற்றி வருகிறது. அது முழு அபத்தம் இல்லை. யூஜெனால் தண்ணீரில் ஓரளவு கரையும், லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வரை. கால் தேக்கரண்டி அதற்குள் அடங்கும். ஆனால் ஊற்றிய உடனே கரையாது. பல நிமிடம் வேகமாகக் குலுக்க வேண்டும்.

கலவையைக் கண்ணாடி அல்லது எச்.டி.பி.இ. (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) பாட்டிலில் வையுங்கள். ஸ்ப்ரே தலையின் ரப்பர் வளையம் எண்ணெயில் ஊறி வீங்கும், சில வாரத்தில் ஒழுகும். எனவே வேலை முடிந்ததும் தலையைக் கழற்றிச் சாதாரண மூடி போட்டுவிடுங்கள். தேதியும் அளவும் எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாத பாட்டிலில் நிறமில்லாத திரவம் வீட்டில் இருக்கவே கூடாது.

வேலையின் வரிசை

நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 மாஸ்க். லேடெக்ஸ் கையுறை எண்ணெயில் இளகும். மாஸ்க் வித்துகளைத் தடுக்கும், எண்ணெய் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஜன்னல்தான் வழி. அறைக்கதவை மூடி ஜன்னலைத் திறங்கள். மின்விசிறி வேண்டாம், வித்துகளை வீடு முழுக்க விதைத்துவிடும்.

1. பூஞ்சையைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலந்து, துணியால் ஒற்றி முதலில் ஈரமாக்குங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும்.

2. வெளியிலிருந்து உள்நோக்கி, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்து எடுங்கள். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் நல்ல இடத்துக்கும் பரப்புவீர்கள். துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தையே பயன்படுத்துங்கள். டைல்ஸ் இடுக்குக்குப் பழைய பல்துலக்கி. எடுத்த துணிகளைப் பையில் கட்டி அப்போதே வெளியேற்றுங்கள்.

3. சுத்தத் துணியில் வெறும் தண்ணீரால் சோப்பைத் துடைத்தெடுங்கள். சோப்புப் படலம் இருந்தால் எண்ணெய் பரப்பைத் தொடாது.

4. காய வையுங்கள். இப்போது மின்விசிறி போடலாம். ஒரு நாள் முழுக்க விட்டால் நல்லது. நனைந்த எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும் என்பதே பூஞ்சை விஷயத்தில் பொது விதி.

5. தெரியாத மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் கலவையைத் தடவி ஒரு நாள் பாருங்கள். பெயின்ட் இளகினாலோ வார்னிஷ் வெளுத்தாலோ அங்கே வேண்டாம். தெர்மாக்கோல் கூரைத் தகட்டை எண்ணெய் கரைக்கும். அக்ரிலிக் தொட்டியில் ஆல்கஹால் மயிர்க்கோடுகளாக வெடிப்பு விடும். பாலிஷ் போட்ட மார்பிளில் எண்ணெய் கறையாகத் தங்கலாம்.

6. அடுப்பு, ஹீட்டர், ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். 70 சதவீத ஆல்கஹால் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். கலவையைச் சுவரில் அடிக்காமல் துணியில் அடித்து, அந்தத் துணியால் பூசுங்கள். காற்றில் ஆவி குறையும், சுவரில் சமமாகப் படியும், ஸ்விட்ச் பெட்டிக்குள் போகாது. வழவழப்பான பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 30 முதல் 50 மி.லி. போதும். சிறிய குளியலறையில் ஒரு வேளைக்கு 50 மி.லி.க்கு மேல் போகாதீர்கள். கழுவ வேண்டாம், தானாகக் காயட்டும். வாசனை தணியும் வரை யாரும் அந்த அறையில் தூங்க வேண்டாம்.

7. வாரம் ஒருமுறை வீதம் நான்கு வாரம் மறுபூச்சு. ஒவ்வொரு முறையும் பூசுவதற்கு முன் ஒரே இடத்திலிருந்து ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். கண் ஞாபகம் ஏமாற்றும்.

எதைக் காப்பாற்ற முடியாது

டைல்ஸ், கண்ணாடி, உலோகம், பெயின்ட் அடித்த சிமென்ட் ஆகியவற்றில் பூஞ்சை மேலோடுதான் இருக்கும், கழுவினால் போய்விடும். ஜிப்சம் பலகை, கூரை அட்டை, கம்பளம், மெத்தை, நுரைத் தலையணை ஆகியவற்றில் இழைகள் உள்ளே இறங்கிவிடும். மேலே எண்ணெய் பூசி ஆறுதல் அடையலாம், உள்ளே அது பாட்டுக்கு வளரும். எடுத்துப் போடுவதுதான் வழி. தொட்டி ஓரத்துச் சிலிக்கோன் கறுத்திருந்தாலும் அப்படியே. கறுப்பு சிலிக்கோனுக்குள்ளேயே இருக்கிறது. வெட்டியெடுத்து, காய வைத்து, புதிதாக வையுங்கள்.

பெயின்ட்டில் எண்ணெயைக் கலந்து அடிப்பது இன்னொரு வீண்வேலை. எண்ணெய் ஆவியாகிவிடும், பெயின்ட் சரியாக இறுகாது, இரண்டும் கெட்டது.

துணி அலமாரிக்கு மட்டும் ஆவி முறை

திறந்த அறையில் தோற்கும் ஆவி, மூடிய சிறு பெட்டிக்குள் கொஞ்சம் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே அது போக இடமில்லை. ஒரு காலத்தில் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பூஞ்சை பிடித்த நூல்களைத் தைமால் ஆவியில் வைத்தார்கள். பிறகு கைவிட்டார்கள். ஆவி போனதும் பூஞ்சை திரும்பியது, சில மைகளும் வார்னிஷும் இளகின, ஆட்களுக்கும் நல்லதல்ல. அந்த அனுபவம் நமக்கும் பாடம், புத்தகத்துக்கும் ஓவியத்துக்கும் இதைச் செய்யாதீர்கள்.

துணி அலமாரியில் செய்யலாம். முதலில் துணிகளைத் தாங்கக்கூடிய வெந்நீரில் துவைத்து, துளி ஈரமில்லாமல் காய வையுங்கள். அலமாரியைத் துடைத்து உலர்த்துங்கள். சிறு பீங்கான் கிண்ணத்தில் பஞ்சு வைத்து 5 முதல் 10 சொட்டு டீ ட்ரீ விட்டு, துணியிலும் பிளாஸ்டிக்கிலும் படாத மூலையில் வைத்து மூடுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொதி அவசியம். இரண்டில் ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் சிலிக்கா ஜெல்லையே வையுங்கள்.

அறையில் ஓடும் டிஃப்யூசர்? சுவரில் பிடித்துவிட்ட பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. தண்ணீரைப் புகையாக்கும் அல்ட்ராசோனிக் வகையாக இருந்தால், ஏற்கெனவே ஈரம் கூடுதலாக உள்ள அறைக்கு மேலும் ஈரம் ஏற்றுகிறீர்கள். ஓசோன் கருவியோடு சேர்த்து ஓட்டுவது அதைவிட மோசம். எலுமிச்சை வகை எண்ணெய்களின் லிமோனீன் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகும்.

எந்த வீட்டில் எண்ணெயே வேண்டாம்

பூனை இருக்கும் வீட்டில் டீ ட்ரீ வேண்டாம். பூனையின் கல்லீரலால் இத்தகைய பொருள்களைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பூசிய சுவரில் உரசிவிட்டு, பிறகு உடம்பை நக்கும். நாய்க்கும் நச்சு, கூண்டுப் பறவைகளுக்கு ஆவியே ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் இடத்தில் சோப்பும் தண்ணீரும் உலர்த்தலும் போதும். இயற்கை என்பதால் சாதுவானது என்று நினைக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி கிராம்புத் தைலமோ யூகலிப்டஸ் தைலமோ விழுங்கிய குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள்.

பழைய எண்ணெயும் பிரச்சினைதான். டீ ட்ரீ காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் தோலில் ஒவ்வாமை கிளப்பும் பொருள்கள் உண்டாகும். கரும்பழுப்புக் கண்ணாடியில், குளிர்ந்த இடத்தில், மூடி இறுக்கி வையுங்கள். திறந்து ஓராண்டு ஆனதைச் சுவருக்குத்தானே என்று பூசாதீர்கள், பூசுவது உங்கள் கைதான்.

திரும்பி வந்தால்

எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். கழுவிய பரப்பு முழுக்கச் சன்னமாகப் புள்ளி விட்டால் அறைக் காற்றின் ஈரம் குறையவில்லை, ஈரப்பதமானியைப் பாருங்கள். ஒரே இடத்தில், அதே வடிவத்தில், இரண்டு வாரத்துக்குள் திரும்பினால் பின்னால் குழாயோ விரிசலோ இருக்கிறது, பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டுங்கள். தரையிலிருந்து ஒரே மட்டத்துக்குக் கோடுபோல் ஏறி வந்தால் அது ஓதம், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். மூன்றிலுமே கலவையில் எண்ணெயை 2 சதவீதத்திலிருந்து 5 ஆக்குவதால் மாறப்போவது உங்கள் தலைவலி மட்டும்தான்.